அந்த இன்னொரு பெண் என்ன ஆனாள்?

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். இது உன் அப்பா மூலமாக உன் காதுக்கு வந்தால் கை, கால், மூக்கு எல்லாம் வைத்துத்தான் வரும். பேரூர்க்கடையில் ஒரு சீமந்தத்துக்குப் போய்விட்டு பஸ்ஸில் கிழக்கேகோட்டைக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். பட்டுப்புடவை, தலையில் மல்லிகை, காதில் இயர்ஃபோன், கையில் போன். போனில் சீனாக்காரி ஒருத்தி பனியில் முட்டிபோட்டு உட்கார்ந்திருந்தாள். நான் அழ ஆரம்பித்தேன். மரியாதையாகக் கண்ணைத் துடைக்கிற அழுகை என்று நினைக்காதே. மூக்கைச் சிந்தி, தோள் குலுங்குகிற அழுகை. கண்டக்டர் அம்மாள் ஓடி வந்து, “எந்து பற்றி அம்மே, ஆரெங்கிலும் மரிச்சோ?” என்று கேட்டாள். ஒரு சீரியலுக்காக அழுகிறேன் என்று எந்த வாயால் சொல்வது? ஆமாம், செத்துப்போய்விட்டாள், என் சித்தி பெண் என்றேன். முன் சீட்டில் இருந்த ஒரு பையனை எழுப்பி எனக்கு ஜன்னலோரம் கொடுத்தாள். கிழக்கேகோட்டையில் இறங்கும்போது தோளில் தட்டினாள். பட்டுப்புடவையோடு துக்கம் கொண்டாடுகிறவளை அவள் அன்றைக்குத்தான் முதலில் பார்த்திருப்பாள். இதில் இன்னொன்று, என் சித்தி பெண்ணாகிவிட்ட அந்தச் சீனாக்காரி அதற்கு முந்தின பாகத்தில்தான் ஒரு ராணியின் கஷாயத்தில் விஷம் கலந்திருந்தாள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், தம்பானூர் ஸ்டேஷனில் உன்னைப் பெங்களூருக்கு ரயிலேற்றிய அன்று எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. நீ ஜன்னல் வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். நான் தண்ணீர் பாட்டிலின் மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று கேட்டேன். வண்டி நகர்ந்தது. உன் அப்பா கைக்குட்டையை எடுத்தார். நான் பிளாட்பாரத்து எடை பார்க்கும் மிஷினைப் பார்த்து, இதெல்லாம் இன்னும் இருக்கிறதா என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து ரசம் வைத்தேன். பல் டாக்டரின் ஊசிக்கு அப்புறம் கன்னத்தைத் தொட்டால் அது அடுத்த வீட்டுக்காரியின் கன்னம் போல இருக்குமே, அப்படி இருக்கிறது அன்றிலிருந்து. வலி இல்லை. வலி இல்லாததைப் பற்றிக் கவலையும் இல்லை. உன் கட்டிலில் துவைத்த துணியைக் குவித்து வைத்திருக்கிறேன், மடிக்கவில்லை. தெருவில் யாருக்குக் கல்யாணம் நின்றது, யார் ஆத்துக் கார் யார் சுவரில் இடித்தது என்று உன் அப்பா செய்தி கொண்டுவருகிறார். முன்பெல்லாம் அதை வாங்கி, உப்புக் காரம் சேர்த்து, ராத்திரிக்குள் நாலு வீட்டில் பரிமாறியிருப்பேன். இப்போது “அப்படியா” என்கிறேன். அவர் பயந்துபோய் எனக்கு பி.பி. பார்க்கச் சொல்கிறார்.

சீனா சீரியலை இந்த வீட்டுக்குக் கொண்டுவந்தவள் நீதான், அதை மறக்காதே. ஆபீஸிலிருந்து வந்ததும் சோபாவில் விழுந்து லேப்டாப்பைத் திறப்பாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து, “இவா எல்லாருக்கும் ஒரே மூஞ்சியா இருக்கே, நீ எப்படி அடையாளம் கண்டுபிடிக்கறே?” என்று கேட்டவள். ஒரு மாதத்தில் அரண்மனையில் எந்தப் பட்டத்துக்கு மேல் எந்தப் பட்டம், எந்தக் கொண்டை ஊசி எந்த அந்தஸ்து என்று உனக்கே பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டேன். முப்பது வருஷம் சர்க்கார் ஆபீஸில் குப்பை கொட்டியவளுக்கு அந்த அரண்மனை ஒன்றும் புதிது இல்லை, கேட்டியா. செக்ஷன் சூப்பிரண்டுக்குப் பட்டு அங்கியும் நீள நகமும் மாட்டிவிட்டால் போதும்.

எனக்கு அவர்களை ஏன் பிடித்தது என்று நீ ஒருநாள் கேட்டாய். அப்போது சிரித்து மழுப்பினேன். நம் சீரியல்களில் ஒருத்தி எதற்காவது ஆசைப்பட்டால் உடனே ஒரு புருவம் மேலே போகும், பின்னாலே இடி இடிக்கும், அவள் வில்லி. கதாநாயகிக்கு எதுவும் வேண்டாம். யாராவது அவள் மடியில் கொண்டுவந்து போட்டால் அதையும் கண்ணீர் விட்டு நாத்தனாருக்குக் கொடுத்துவிடுவாள். சீனாவில் அவளேதான் கதாநாயகி, அவளேதான் வில்லி. ஷாங்காயில் வீடு விற்கிற ஆபீஸுக்குப் படிக்காத படிப்பைப் படித்ததாகப் பொய் சொல்லி நுழைந்தாளே ஒருத்தி, நினைவிருக்கிறதா? பக்கத்து மேஜைக்காரியின் வாடிக்கையாளரை லிஃப்டில் வைத்தே மடக்கிப்போடுவாள். அன்று சாயங்காலமே மழையில் நனைகிற கிழவருக்குத் தன் குடையைக் கொடுத்துவிட்டு நடப்பாள். இரண்டும் நடிப்பு கிடையாது, இரண்டும் அவள்தான். அப்புறம் அந்தத் தேயிலை வியாபாரி விதவை. கொழுந்தன்களை ஒவ்வொருத்தராகக் கிடங்கை விட்டுத் துரத்திவிட்டு, கடைசியில் கணக்கப்பிள்ளையிடம், “நான் நல்லவள் என்று யார் சொன்னது? எனக்கு இந்தக் கிடங்கு வேண்டும்” என்பாள். அந்த “எனக்கு வேண்டும்” காதில் விழும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்த்தது. நான் என் வாழ்நாளில் அந்த மாதிரி ஆசைப்பட்டது கல்யாணப் பந்தியில் பாயசம் இரண்டாவது தடவை வரும்போதுதான். அதையும் “போதும், போதும்” என்று இலைமேல் கையை வைத்துக்கொண்டே, விரல் இடுக்கு வழியாக விட வைத்திருக்கிறேன்.

எனக்கும் ஒரு பிரமோஷன் வந்தது, நீ மூன்றாம் வகுப்பு படிக்கும்போது. கண்ணூருக்கு மாற்றம். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். குடும்பத்துக்காகத் தியாகம் செய்தாள் என்று வலியசாலைத் தெரு முழுக்கப் பேச்சு. உன் அப்பா சமூகக் கூட்டத்தில் மைக் பிடித்துச் சொன்னார். உண்மையில் எனக்குக் கண்ணூரில் தனியாக ஒரு அறையில் சாயங்காலம் விளக்கைப் போடுகிற அந்த நிமிஷத்தை நினைத்துப் பயம், அவ்வளவுதான். பயத்துக்குத் தியாகம் என்று பெயர் வைத்து, அதை உனக்கும் ஊட்டி வளர்த்தேன். அதனால்தான் திரையில் ஒருத்தி தயங்காமல் போய் எடுத்துக்கொள்ளும்போது கை தன்னால் தட்டியது.

அந்தக் கைதட்டலுக்குத்தான் வருகிறேன். அந்த அரண்மனை சீரியலில் வேலைக்காரப் பெண்கள் இரண்டு பேர், ஒரே அறையில், ஒரே போர்வையில் வளர்ந்தவர்கள், அதில் ஒருத்தி நம் கதாநாயகி. ராஜமாதாவுக்குக் கடிதம் எழுத ஒரு பெண் வேண்டும், இன்னொருத்திக்குத்தான் கையெழுத்து நன்றாக வரும். ஆனால் அவள் நோயில் கிடக்கிற வளர்ப்புத் தாயைப் பார்க்கப் போய்விட்டாள். அதற்கு வைத்திருந்த தேர்வை மறுநாள் காலைக்கே முன்னால் இழுத்துவிடுகிறார்கள். அன்று சாயங்காலம் மாற்றுத்துணி எடுக்க அரண்மனை வாசலுக்கு வந்தவள், “உள்ளே ஏதாவது செய்தி உண்டா?” என்று கேட்கிறாள். நம் ஆள், “ஒன்றும் இல்லை, நீ நிம்மதியாகப் போ” என்று சொல்லித் தன் சால்வையை எடுத்து அவளுக்குப் போர்த்திவிடுகிறாள். நீ படத்தை நிறுத்தினாய்.

“அம்மா, இது துரோகம் இல்லையா?”

“துரோகமாவது மண்ணாங்கட்டியாவது. கதவு தெறந்திருக்கச்சே உள்ளே போறவதான் சமர்த்து. நானா இருந்தாலும் இதைத்தான் பண்ணுவேன்” என்று பலமாகக் கை தட்டினேன்.

உன் அப்பா பேப்பருக்குப் பின்னாலிருந்து, “நீயா? நீ ரேஷன் கடை க்யூவுல உனக்குப் பின்னாடி நிக்கறவாளையும் முன்னாடி அனுப்பிட்டு வெறும் பையோட வரவளாக்கும்” என்றார். மூன்று பேரும் சிரித்தோம். நீ கொஞ்சம் தாமதமாகச் சிரித்தாய். அதை நான் அப்போதே கவனித்தேன், கவனித்ததை அங்கேயே விட்டுவிட்டேன்.

அப்புறம் நவராத்திரி வந்தது. இந்தத் தெருவில் எத்தனை வருஷமாக அதே தசாவதாரம், அதே செட்டியார்–செட்டிச்சி. நான் இந்தத் தடவை சீன அரண்மனை கொலு வைத்தேன். விசிறி பிடித்த ஜப்பான்காரப் பொம்மைக்கு ரவிக்கைத் துணியால் அங்கி போட்டு வேலைக்காரப் பெண்ணாக்கினேன். சாலைக் கடைத்தெருவில் வாங்கிய சிரிக்கும் புத்தர் சக்கரவர்த்தி. மரப்பாச்சிக்குக் கறுப்பு நூலில் பெரிய கொண்டை வைத்ததும் ராஜமாதாவே நேரில் வந்தது போல ஒரு கடுகடுப்பு. அடிப்படியில் வைத்த வேலைக்காரப் பெண்ணை நாளுக்கு ஒரு படி மேலே ஏற்றினேன். உன் அப்பா பதறிவிட்டார். “வச்ச பொம்மையை நகர்த்தலாமோடி? விஜயதசமி வரைக்கும் வச்சது வச்ச எடத்துல இருக்கணும்.” நான், “சீனாவுல நகர்த்தலாம்” என்றேன். அந்த வாரத்தில்தான் உன் கம்பெனியிலேயே உனக்குப் பெங்களூர் மேனேஜர் வேலை கிடைத்த செய்தி வந்தது. பொம்மையும் ஏறுகிறது, என் பெண்ணும் ஏறுகிறாள் என்று வருகிறவர்களிடமெல்லாம் நான்தான் சொன்னேன். நீ சொல்லவே இல்லை.

லலிதா மாமி சுபாவை அழைத்துக்கொண்டு வந்த சாயங்காலத்தை நீ மறந்திருக்க மாட்டாய், ஆனாலும் நான் பார்த்தபடி எழுதுகிறேன். நீயும் சுபாவும் இந்தத் தெருவிலிருந்து ஒரே பள்ளிக்கூடம், ஒரே காலேஜ், கழக்கூட்டத்தில் ஒரே கம்பெனி, காலையில் ஒரே பஸ். மாமி பாயில் உட்கார்ந்து, கொலுவைப் பார்க்காமல் உன்னைப் பார்த்தாள்.

“பெங்களூராமே? கேட்டேன். சந்தோஷம்.”

“எல்லாம் அதிர்ஷ்டம், மாமி” என்றேன் நான்.

“ஆமாமா. எங்க சுபாவுக்குத்தான் யோகம் இல்லை. அப்பாவோட ஆபரேஷன்னு ஆஸ்பத்திரியே கதின்னு கெடந்தா. ஆபீஸ்ல என்ன நடக்கறது, எப்போ அப்ளை பண்ணணும், ஒரு விஷயமும் தெரியலை அவளுக்கு.”

“அம்மா, விடேன்” என்றாள் சுபா.

மௌனம் எனக்குத் தாங்காது என்பது உனக்குத் தெரியும், அந்த இடத்தில் எதையாவது கொட்டி நிரப்பிவிடுவேன். “இந்தப் பொம்மை யாருன்னு கேக்கலையே மாமி?” என்று ஆரம்பித்தேன். அறை, போர்வை, ராஜமாதா, கையெழுத்து என்று ஒன்றையும் விடவில்லை. “‘ஒண்ணும் இல்லை, நீ நிம்மதியாப் போ’ன்னு சால்வையைப் போத்தி அனுப்பறா பாருங்கோ, அங்கதான் இருக்கு சாமர்த்தியம்!” என்று தொடையில் தட்டினேன். நீ சுண்டல் பாத்திரத்தோடு கூடத்து நடுவில் நின்றுகொண்டிருந்தாய். அதைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாய்.

மாமி குனிந்து பொம்மையைப் பார்த்தாள். “அது சரியாக்கும். அந்த இன்னொரு பொண்ணு என்ன ஆனா?”

“எந்தப் பொண்ணு?”

“சால்வையைப் போத்திண்டு போனாளே, அவ.”

நான் யோசித்துப் பார்த்தேன். எவ்வளவு பாகம் பார்த்தேன், எத்தனை விஷம், எத்தனை ராணி. அந்தப் பெண்ணைப் பற்றி எனக்கு ஒன்றுமே ஞாபகம் வரவில்லை. “அப்புறம் அவளைக் காட்டலை, மாமி” என்றேன். “ஓ” என்றாள். வெற்றிலை பாக்கை எடுத்துக்கொண்டாள், நான் வைத்துக் கொடுத்த ரவிக்கைத் துணியைப் பாயிலேயே வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் காலையில் நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். போன் சர்க்கரை டப்பாமேல் சாய்ந்து, அடுத்த பாகம் ஓடிக்கொண்டிருந்தது. நீ சமையலறை வாசலில் நின்று, மூச்சு விடாமல் சொல்லி முடித்தாய். அந்த வேலைக்கு அப்ளை பண்ணுகிற கடைசித் தேதியை முன்னால் இழுத்து மெயில் வந்தது. லீவில் இருக்கிற சுபா ஆபீஸ் மெயில் பார்க்கமாட்டாள் என்பது உன் கணக்கு. அன்றைக்கே நீ அவளுக்குப் போன் செய்தாய். அவள், “ஆபீஸ்ல ஏதாவது விசேஷம் உண்டா?” என்று கேட்டாள். “ஒண்ணும் இல்லைடி, நீ அப்பாவைப் பாரு. ராத்திரிக்கு இட்லி கொண்டுவரேன்” என்றாய். கொண்டும் போனாய். அந்த இட்லியை வார்த்தவள் நான். சட்னி தனியாக, மிளகாய்ப்பொடி தனியாகக் கட்டிக் கொடுத்தேன், எவ்வளவு நல்ல சிநேகிதி என் பெண் என்று.

“நான் பண்ணினது தப்பாம்மா? நீதானே கை தட்டினே?”

நான் போனில் சத்தத்தைக் கூட்டினேன்.

அதுதான் நடந்தது. வேறு எந்த விளக்கமும் என்னிடம் இல்லை. தப்பு என்றால் என் கைதட்டல் குறுக்கே நின்றது. தப்பில்லை என்றால் லலிதா மாமியின் முகம் நின்றது. திரையில் யாரோ யாரையோ அடித்துக்கொண்டிருந்தார்கள், அதைப் பார்த்தேன். நீ துருவின தேங்காயை மூடி வைத்துவிட்டுப் போனாய். அதற்கு அப்புறம் பெட்டி கட்டினாய், புளிக்காய்ச்சல் கேட்டாய், ரயில் ஏறினாய். அந்தக் கேள்வியை மறுபடி நீ கேட்கவில்லை.

இப்போது வாரம் தவறாமல் கூப்பிடுகிறாய், அப்பாவிடம் பேசுகிறாய். அவர் ஒருநாள் போனை என் பக்கம் திருப்பியபோது உன் கண்ணாடி அறையைப் பார்த்தேன். பெரிய மேஜை, பெரிய நாற்காலி, நடுவில் நீ. அந்தச் சீனாக்காரிகள் எல்லோருக்கும் கடைசியில் இப்படி ஒரு காட்சி வரும். நீளமான கூடம், உயரமான ஆசனம், இத்தனை நாள் எதற்காக ஏறினாளோ அதில் உட்கார்ந்திருப்பாள், முகத்தில் ஒன்றும் இருக்காது. நடிப்பு பிரமாதம் என்று நாம் பேசிக்கொள்வோம். உன் முகத்தைப் பார்த்தபோது எனக்கு அந்தப் பேச்சு வரவில்லை. “சாப்பிட்டாயா?” என்று கேட்டேன். “ம்” என்றாய். நேற்று அப்பா சொன்னார், இந்த வேலையை விட்டுவிட்டுத் திரும்பி வந்துவிடலாமா என்று நீ யோசிக்கிறாயாம். அதனால்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் நான் நடுவில் ஏதாவது ஜோக் அடித்துவிடுவேன்.

உன்னை ரயிலேற்றிய பிறகு நான் ஒரு காரியம் செய்தேன். அந்தச் சீரியலை முதலிலிருந்து மறுபடி ஓட்டி, இன்னொரு பெண்ணைத் தேடினேன். கதையை விட்டுவிட்டு ஓரத்தில் நிற்கிறவர்கள் முகத்தை மட்டும் பார்த்தேன். ரொம்பப் பாகங்கள் தள்ளி, ஒரு ஊர்வலத்தில், விளக்கு பிடித்துப் போகிறவர்களில் கடைசிக்கு முந்தினவளாக ஒருத்தி. பல்லக்கு அவளைக் கடந்து போகிறது. அவளும் நிமிரவில்லை, பல்லக்கில் இருக்கிறவளும் திரும்பவில்லை. அவள்தானா என்று சத்தியம் பண்ணமாட்டேன். பஸ்ஸில் அழுதவள் இதற்கு அழவில்லை. நிறுத்திவிட்டுப் போய்ப் பாலை இறக்கினேன்.

சரி, பதில். தப்புதான். நான் கை தட்டினாலும் தப்பு, தட்டாவிட்டாலும் தப்பு. அந்த வேலைக்கு ஆசைப்பட்டது தப்பில்லை. அதற்கு வெட்கப்படாதே, அந்த வெட்கத்தைச் சுமந்துகொண்டு நான் ஒரு ஆயுளைக் கழித்தாகிவிட்டது. அவள் கேட்டபோது தெரிந்தே இல்லை என்றாயே, அது தப்பு. அதையும் இட்லியையும் ஒரே கையால் கொடுத்தாய், அது ரொம்பத் தப்பு. உன்னைத் திட்டுகிற தெம்பு எனக்கு இல்லை, இருந்திருந்தால் சத்தத்தைக் கூட்டியிருக்கமாட்டேன். ஆனால் வேலையை விடாதே. நீ எழுந்தால் அந்த நாற்காலியில் சுபா வந்து உட்காரப்போவதில்லை, வேறு யாரோ உட்காருவார்கள். விட்டுக்கொடுத்துவிட்டு வந்து மூலையில் உட்கார்ந்து அழுவது நம் ஊர் கதாநாயகியின் உத்தியோகம், உனக்கு அது சரிப்படாது. நீ சீனாக்காரியாகவே இரு. அவர்களில் ஒருத்திகூடச் செய்யாத ஒன்றை மட்டும் செய், பல்லக்கிலிருந்து இறங்கித் திரும்பி நட. சுபாவைக் கூப்பிட்டு, “எனக்குத் தெரியும்டி, தெரிஞ்சே சொல்லலை” என்று சொல். மன்னிச்சுக்கோ என்று உடனே ஓடிப்போய் ஒட்டாதே, அவளுக்குக் கோபப்பட இடம் கொடு. அவள் பேசவே இல்லை என்றாலும் சரி. அவளுடைய கதை என்ன ஆயிற்று என்று கேட்க உலகத்தில் ஒருத்தியாவது இருக்கட்டும், அது நீயாக இருக்கட்டும்.

இவ்வளவும் எழுதி வைத்துவிட்டுக் கறிவேப்பிலை வாங்கத் தெருமுனைக்குப் போனேன். சுபா ஆபீஸ் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தாள். உனக்கு முன்னால் நான் முந்திக்கொண்டிருக்கக் கூடாது, ஆனால் என் வாய் உனக்குத் தெரிந்ததுதானே. “சுபா, அந்தப் பெங்களூர் வேலை விஷயத்துல நீ மனசுல ஒண்ணும் வச்சுக்காதேம்மா” என்றேன். அவள் இயர்ஃபோனைக் கழற்றினாள்.

“எந்த வேலை? ஓ, அதுவா? அந்த மெயில் ஆஸ்பத்திரில இருக்கச்சேயே போன்ல வந்துடுத்தே. பார்த்து அழிச்சுட்டேன். யார் போவா மாமி பெங்களூருக்கு!”

“அப்புறம் ஏன் ஆபீஸ்ல விசேஷம் உண்டான்னு அவகிட்ட கேட்டே?”

“போன்ல வேற என்ன பேசறது?”

பஸ் வந்துவிட்டது. படியில் ஏறியவள் திரும்பி, “எங்கம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதேங்கோ. எனக்குக் கிடைக்கலைன்னா தாங்கிப்பா, நான் வேண்டாம்னேன்னா தாங்கமாட்டா” என்றாள்.